வயிற்றிலிருந்து நெஞ்சுக்குப் போகிற சேதி

இன்று காலை மருமகள் அம்மியில் மிளகு அரைத்தாள். அந்த மணம் மூக்கில் ஏறியதும், நீ ஆஸ்பத்திரிக் கட்டிலில் வாயை இறுக்கிக்கொண்டு இருந்தது கண்ணுக்குள் வந்துவிட்டது, மச்சான். எனக்குத்தான் எழுத்துத் தெரியாதே. அவளை இருத்தி, நான் சொல்வதை எழுது என்றேன்.

மாரடைப்பு வந்து பிழைத்து, நீ சாவகச்சேரிக்குத் திரும்பிய ஐப்பசி அது. பார்க்க வந்த சனம் உன் முகத்தைப் பார்க்கவில்லை, வயிற்றைப் பார்த்துத்தான் கதைத்தது. அவ்வளவும் கொழுப்பு, அதுதான் நெஞ்சை அடைத்தது என்றார்கள். நீ குறுகிப் போனாய். கந்தசஷ்டிக்குக் காப்புக் கட்டி, மிளகும் தண்ணீருமாக இருந்துவிட்டாய். விரதமும் ஆச்சு, சூரன்போர் முடிய வயிறும் போய்விடும் என்பது உன் எண்ணம். மருந்துக் குளிசைகளையும் வெறும் வயிற்றில் விழுங்கினாய். சூரன்போருக்கு முதலே கோயில் வீதியில் மயங்கி விழுந்தாய்.

ஆஸ்பத்திரி வாட்டில் கஞ்சி கொண்டுவந்து வைத்தும் நீ வாய் திறக்கவில்லை. டொக்டர் பிள்ளை ஒருத்தி கோபிக்காமல் கட்டிலோரம் வந்து இருந்தாள்.

"ஐயா, கொழுப்பு சும்மா ஏத்தி வைச்ச மூட்டை இல்லை. அதுவும் ஈரலைப்போல வேலை செய்யுது. தன்ரை சுரப்புகளை இரத்தத்திலை விடுது. சிலது நெஞ்சு ஆறத் துணை நிக்கும், சிலது புண்ணைக் கிண்டும். வயிறு பெருத்தால் கிண்டுறதுதான் கூடும். அவசரப்படாமல் ஆறுதலாக் குறைப்பம். பட்டினி கிடந்தால் காயப்பட்ட நெஞ்சு என்னத்தைக் கொண்டு ஆறும்?"

இதில் படித்தவர்களுக்கே இன்னும் விளங்காதது நிறைய உண்டு என்றும் சொன்னாள்.

சினைப்பசுவின் வயிற்றைத் தொடுவதுபோல் நீ உன் வயிற்றைத் தொட்டாய். "அப்ப நான் நித்திரை கொள்ளேக்கையும் உது நெஞ்சுக்குச் சேதி அனுப்புதோ?"

"ஓம் ஐயா."

எனக்கும் மயிர் கூச்செறிந்தது. இத்தனை காலம் இந்த உடம்போடு இருந்தும், உள்ளே இப்படி ஒரு போக்குவரத்து நடப்பது நம் இருவருக்கும் தெரியாதே.

ஆனாலும் கஞ்சி ஆறிக்கொண்டிருந்தது. நீ கையிலிருந்த காப்பையே பார்த்தாய். சாவைவிட அதற்குத்தான் நீ பயந்தாய்.

"மச்சான், விரதத்தை இடையிலை முறிச்சால் முருகன் கோவிப்பானோ?"

"உள்ளுக்குள்ளை இவ்வளவு பேரை வேலைக்கு வைச்சவன் அவன்தானே. அவைக்குச் சோறு போடாட்டித்தான் கோவிப்பான்" என்றேன் நான்.

"நீ எப்பவடா குருக்களானனி?" என்றாய். பிறகு கஞ்சியை எடுத்தாய்.

அதன்பின் வயல் வரம்பில் காலையில் நாங்கள் நடந்தோம். உன் வயிறு மெல்ல மெல்ல இறங்கியது. கிளினிக்கில், நெஞ்சு முன்னையைவிட நன்றாக அடிக்கிறது என்றார்கள். போன மாரிக்காலத்தில் முதுமைதான் உன்னைக் கொண்டுபோனது. நெஞ்சு கடைசிவரை உன்னைக் கைவிடவில்லை.

நீ விட்டுப்போன அதிசயம் என்னிடம் இருக்கிறது. கிணற்றடியில் குளிக்கும்போது சவர்க்காரம் பிடித்த கை வயிற்றுக்கு வந்ததும் கொஞ்சம் நின்றுதான் போகிறது. உள்ளே ஏதோ கதைத்துக்கொண்டிருக்கிறது, குறுக்கே விழக்கூடாது என்பதுபோல.