பிளெய்னா சொல்லுடி

அக்கா,

இன்று தாம்பரம் மைதானத்தில் பயிற்சியாளர் யாரையோ பார்த்து, "கூக்ளி போடு!" என்று கத்தினார். உடனே பக்கத்து நாற்காலியைத் திரும்பிப் பார்த்துவிட்டேன். அதில் யாரோ ஒரு பெண்ணின் கைப்பை இருந்தது.

நம் மகள்கள் அங்கே ஆடத் தொடங்கியபோது எனக்குக் கிரிக்கெட் சுத்தமாகத் தெரியாது. மேடவாக்கத்தில் என் ஃபிளாட்டுக்கு மேல்மாடியில் குடியிருந்த நீங்கள்தான் சொல்லித்தந்தீர்கள். "கூக்ளின்னா ராங் டர்ன்டி. இந்தப் பக்கம் திரும்பும்னு நெனப்ப, அந்தப் பக்கம் போவும். யார்க்கர்னா ஃபுட் கிட்ட விழற பால். டக்குன்னா ஜீரோ. இதுக்கு இன்னாத்துக்கு இம்மாம் பெரிய பேரு?" உங்கள் சிரிப்புக்கு முன்வரிசைப் பெற்றோர்கள் எல்லாரும் திரும்புவார்கள்.

பிறகு உங்களுக்கு அந்த வயிற்றுவலி. ஸ்கேன், மருத்துவமனை. உங்கள் கணவர் என்னை வராந்தாவில் நிறுத்தி, "அவகிட்ட எதுவும் சொல்லிடாதீங்க" என்றார். ஓ.எம்.ஆரில் மெடிக்கல் கோடிங் வேலை பார்ப்பவள் நான், நாள் முழுக்க நோய்களின் பெயர்களோடுதான் புழங்குகிறேன் என்று அவருக்குத் தெரியும். தலையாட்டினேன்.

அவர் டீ வாங்கப் போன நேரம் நீங்கள் என் கையைப் பிடித்தீர்கள்.

"மெட்டாஸ்டாசிஸ்னு பேசிக்கினு கீறாங்க. இன்னாடி அது? பிளெய்னா சொல்லுடி."

நான் ஜன்னலைப் பார்த்தேன்.

"பொய் சொல்லாத."

"கேன்சர் ஸ்ப்ரெட் ஆயிடுச்சுக்கா. நெறைய எடத்துல. இனிமே வலி தெரியாம பாத்துக்கதான் முடியும்."

நீங்கள் என் கையை விடவில்லை. அழவும் இல்லை. "ஸ்ப்ரெட். அவ்ளோதானா? இத்த சொல்ல இவங்களுக்கு வாய் வரலியா?" என்றீர்கள். கொஞ்சம் கழித்து, "பொண்ண இட்டுக்கினு வா."

உங்கள் மகளை உள்ளே விட்டுக் கதவைச் சாத்தியது நான்தான். இருவரும் என்ன பேசினீர்கள் என்று இன்றுவரை கேட்டதில்லை.

நான்தான் சொன்னேன் என்று தெரிந்ததிலிருந்து உங்கள் கணவர் என்னை லிஃப்டில் கண்டால் படியேறிப் போய்விடுகிறார். அவர் பேச்சைக் கேட்டிருக்கலாமோ என்று நான் தவிக்காத நாளில்லை.

போன வாரம் பயிற்சி முடிந்து உங்கள் மகள் என் அருகில் வந்து உட்கார்ந்தாள். கையுறையைக் கழற்றிக்கொண்டே, "அப்பா கடைசி வரைக்கும் சரியாயிடும், சரியாயிடும்னே சொல்லிட்டிருந்தார் ஆன்ட்டி. அவரால அம்மாகிட்ட பை சொல்ல முடியல. அதான் உங்க மேல கோவம்" என்றாள். கையுறையை மடியில் வைத்தாள்.

"நான் பை சொல்லிட்டேன், ஆன்ட்டி."

அதை மட்டும்தான், அக்கா, கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருக்கிறேன்.