ஏறாத கொடி

என் மூத்த மகளுக்கு,

அன்று ஏரியில் இருந்தவர்கள் உன் அப்பா, அவர் தம்பி வெர்னர், உன் புருஷன் டுவெய்ன், நான். வேறு யாருமில்லை.

உறைந்த ஏரியில் துளைகள் போட்டுக் கொடித்தூண்டில்களை வைத்துவிட்டுக் குடிலுக்குள் காபி குடித்தோம். மீன் இழுத்தால் கொடி ஏறும், அப்போதுதான் வெளியே போவோம். அன்று ஒன்றுகூட ஏறவில்லை.

"மீனெல்லாம் சர்ச்சுக்குப் போயிருச்சா?" என்றார் வெர்னர்.

"ஒவ்வொண்ணா பாத்துட்டு வரேன்" என்று உன் அப்பா எழுந்தார். கடைசித் தூண்டில் ஓடை வந்து கலக்கும் பக்கம். அங்கே பனி மெலிசு. அது உடைந்து தண்ணீருக்குள் போய்விட்டார். வெர்னர்தான் கயிறு வீசி இழுத்தார்.

பயப்படாதே, வீட்டில்தான் படுத்திருக்கிறார். ஆஸ்பத்திரி என்றாலே, "சும்மா இரு கிழவி, சளிதான்" என்கிறார். இருமும்போது எனக்குப் பரவாயில்லை. இருமல் நிற்கும்போதுதான் ஓடிப்போய் மூக்கில் கை வைத்துப் பார்க்கிறேன்.

சும்மா உட்கார முடியாமல் தூண்டில்களைப் பிரித்தேன். சுழலும் தண்டுக்குக் குளிரில் இறுகாத மெல்லிய எண்ணெய்தான் விடவேண்டும். உள்ளே வண்டிச் சக்கரத்துக் கிரீஸ், மெழுகாய்க் கிடந்தது. மீன் இழுத்திருக்கிறது, தண்டு சுற்றவில்லை, அதனால்தான் கொடி ஏறவில்லை. "நானே எண்ணெய் போட்டுட்டேன் அத்தை, நீங்க கையை அழுக்காக்காதீங்க" என்று உன் புருஷன் உன் எதிரில்தானே சொன்னான்?

உடனே வா. நீ சொன்னால் ஆஸ்பத்திரிக்கு வருவார். உன்னை வாசலில் இறக்கிவிட்டு அவன் அப்படியே திரும்பட்டும். வெர்னர் அந்த நேரத்தில் கயிற்றைத் தேடிக்கொண்டு நின்றதைக்கூட மன்னித்துவிடுவேன். என்னால் மன்னிக்கவே முடியாத ஒருவன் டுவெய்ன்.

உன் அம்மா