கையில் திணித்த சாவி

பருத்திப்பட்டு,
தை மாதம், பொங்கல் முடிந்த வாரம்.

அன்புள்ள பவ்யா அப்பாவுக்கு,

எழில் எழுதுவது. நானும் பவ்யாவும் நலம். வழக்கத்துக்காக எழுதுகிற நலம் இல்லை இது, நிஜமாகவே நலம். படித்துக்கொண்டே வந்தால் உங்களுக்கே தெரியும்.

போனில் சொல்லியிருக்கலாமே என்பீர்கள். போனில் நான் "கால்" என்று ஆரம்பித்தாலே "நான் கப்பலை விட்டு எறங்கி வந்துடறேன்" என்று நீங்கள் முடித்துவிடுகிறீர்கள். மிச்சத்தை சிக்னல் சாப்பிட்டுவிடும். உங்கள் கப்பலில் ஏறப் போகிற கோகுல்நாத் தம்பி நேற்று வந்து, ஏதாவது கொடுத்தனுப்ப வேண்டுமா அண்ணி என்று கேட்டார். எலுமிச்சை ஊறுகாயோடு இதையும் கொடுத்தனுப்புகிறேன். கடிதத்தை நடுவில் வெட்டிப் பேச முடியாது, பாருங்கள்.

முதலில் முக்கியமான சேதி. நாங்கள் பூந்தமல்லிக்குக் குடிபோகவில்லை. இந்த வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு நானும் பவ்யாவும் உங்கள் தம்பி வீட்டு மாடிக்குப் போவது என்று அண்ணனும் தம்பியும் பேசி முடித்துவிட்டீர்கள். உதயகுமார் தங்கமான மனிதர், குறை சொல்லமாட்டேன். மாடி அறைக்கு வெள்ளையடித்துக் கட்டிலும் போட்டுவிட்டார். "அண்ணி, நீங்க படுத்துக்கினு டிவி பாருங்க, மீதிய நாங்க பாத்துக்கறோம்" என்றார். அவர் ஆசையாகத்தான் சொன்னார். எனக்குத்தான் அந்தக் கட்டிலில் ஒரு முறை படுத்தால் அப்புறம் என்னை யாரும் எழுந்திருக்க விடமாட்டீர்கள் என்று தோன்றியது.

வலிப்பு இருக்கிறவள் வண்டி ஓட்டக் கூடாது என்று சொன்ன நாளிலிருந்து என் கால்தான் எனக்கு வண்டி. விற்கிற நைட்டிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு இந்த ஏரிக்கரையில் உள்ள அடுக்குமாடி எல்லாவற்றிலும் ஏறி இறங்கியிருக்கிறேன். எந்த வீட்டில் ஜிப் வைத்தது கேட்பார்கள், எந்த வீட்டில் பூப்போட்டதைத் தொடக்கூட மாட்டார்கள் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். அந்தக் கால்தான் நீங்கள் கப்பல் ஏறிய கொஞ்ச நாளில் குறுகுறு என்றது. எறும்பு ஊர்வது போல விரல் நுனியில் ஆரம்பித்துக் கணுக்கால் வரை ஏறியது. பிறகு மரத்துப் போனது. சிமெண்டுத் தரையில் நடந்தாலும் பஞ்சு மேல் நடப்பது மாதிரி இருக்கும். ஒரு நாள் மாவு மில்லுக்குப் போனேன். மில்காரர் "இன்னாக்கா, ஒரு கால்ல செருப்ப காணோமே" என்றார். எங்கே கழன்றது என்றே தெரியவில்லை. அவர் எதிரில் சிரித்துவிட்டு, வீட்டுக்கு வந்து அழுதேன்.

ஆடியில் சி பிளாக் படிக்கட்டில் விழுந்தேனே, உங்களுக்கு வந்த செய்தி "எழிலுக்கு மறுபடி வலிப்பு" என்பது. அது வலிப்பே இல்லை. முட்டி மடங்கியது, உட்கார்ந்த மாதிரி விழுந்தேன். கண் திறந்திருந்தது, வாய் பேசிக்கொண்டிருந்தது. யாராவது ஒரு நாற்காலி கொண்டு வாருங்கள் என்று நானே கேட்டேன். யார் காதில் விழுந்தது? வாட்ச்மேன் கஜபதி "எழிலக்காவுக்கு வலிப்பு வந்துகினு கீது, சாவி குடு, சாவி குடு" என்று போட்ட கூச்சலில் எல்லா வீட்டுக் கதவும் திறந்துவிட்டது. ஸ்கூட்டி சாவி, பீரோ சாவி, மோட்டார் ரூம் சாவி என்று ஆளாளுக்கு என் கையில் திணிக்கிறார்கள். "எனக்கு ஒண்ணும் இல்ல கஜபதி, கால்தான் வரல" என்கிறேன். "பேசாத இருக்கா, இரும்ப கெட்டியா புடிச்சிகோ, சரியாப் பூடும்" என்கிறார் அவர். கை நிறையச் சாவி, எழுந்து நிற்கக் கால் இல்லை. கோபத்தில் எல்லாச் சாவியையும் தூக்கி எறிந்தேன். அதையும் வலிப்பு என்றுதான் சொன்னார்கள்.

அதன் பிறகு எனக்குத் தும்மல் வந்தால்கூட வலிப்புதான். முதலில் போன கிளினிக்கில் டாக்டர் என் ஃபைலைப் பார்த்தார், காலைப் பார்க்கவில்லை. வலிப்பு மாத்திரையைக் கூட்டிக் கொடுத்தார். தூக்கமும் தள்ளாட்டமும் சேர்ந்துகொண்டது. வாடிக்கைக்காரர்கள் "நீங்க மேல வராதீங்க எழில், நாங்களே கீழ வரோம்" என்றார்கள். ஒருவரும் கீழே வரவில்லை. மாத்திரையால்தான் இப்படி, நிறுத்திவிடு என்று இன்னொரு பக்கம் ஓயாமல் சொன்னார்கள். நிறுத்தினால் என்ன ஆகும் என்று, முன்பு ஒரு தடவை நிறுத்திப் பார்த்தபோது உடைந்த என் பல்லுக்குத் தெரியும். மாத்திரையை ஒரு வேளைகூட விடவில்லை. அதை மட்டும் பயப்படாமல் நம்புங்கள்.

ஆவணியில் யாரிடமும் சொல்லாமல் அரசு ஆஸ்பத்திரிக்குப் போனேன். பவ்யா மட்டும் கூட வந்தாள். நல்ல கூட்டம். என் முறை வந்தபோது உள்ளே ஒரு சின்ன வயது டாக்டரம்மா. "விழும்போது உங்களுக்கு நினைவு இருந்துச்சா?" என்றுதான் முதலில் கேட்டார். அவ்வளவு நாளாக ஒருவரும் என்னிடம் கேட்காத கேள்வி அது. இருந்தது மேடம், நாற்காலி கேட்டேன் என்று சொன்னேன். ஒரு கம்பியைத் தட்டி அதிரவிட்டு என் கட்டைவிரலில் வைத்தார். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. பிறகு காலைச் சேர்த்து வைத்து நின்று கண்ணை மூடச் சொன்னார். மூடினேன், அப்படியே அவர்மேல் சாய்ந்துவிட்டேன்.

இது வலிப்பு இல்லை, காலிலிருந்து சேதி கொண்டு போகிற நரம்பு சோர்ந்துவிட்டது, கண் திறந்திருக்கும்போது கண்தான் உங்களைத் தாங்கிப் பிடிக்கிறது என்று பொறுமையாகச் சொன்னார். ரத்தத்தில் பி12 அடிமட்டத்துக்குப் போயிருந்தது. வருஷக்கணக்காக ஒரே மாத்திரை சாப்பிட்டதும் நரம்பைப் பாதித்திருக்கலாமாம். எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது, இரண்டையும் கவனிப்போம், நீங்களாக மட்டும் எதையும் நிறுத்தக் கூடாது என்றார். ஊசி போட்டார்கள். பழைய மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துப் புதியதற்கு மாற்றினார்கள். போனில் நான் "ஊசி போடறாங்க" என்பதோடு நிறுத்திக்கொண்டது ஏன் தெரியுமா? கால் தேறாமல் போனால் உங்களுக்கு ஆசை காட்டி ஏமாற்றியது போல் ஆகிவிடுமே என்றுதான்.

தினமும் சமையலறையில் கண்ணை மூடி நின்று பழகினேன். பின்னால் பவ்யா இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நிற்பாள். ஆரம்பத்தில் அவள் கையில்தான் விழுவேன். மார்கழியில் ஒரு காலை, வாசல் தெளிக்கும்போது தண்ணீர் பாதத்தில் பட்டது. ஜில்லென்று இருந்தது! வாளியைப் போட்டுவிட்டு "ஜில்லுன்னு இருக்குடி, ஜில்லுன்னு இருக்குடி" என்று கத்தினேன். பவ்யா தூக்கக் கலக்கத்தில் ஓடி வந்து, குளிர்காலத்தில் தண்ணீர் ஜில்லென்று இருப்பதற்கா இந்த ஆர்ப்பாட்டம் என்று பார்த்தாள். புரிந்ததும் அவளும் காலை நீட்டித் தண்ணீர் ஊற்றிக்கொண்டாள்.

இப்போது பொங்கல் விழாவுக்கு வருகிறேன். நம் அடுக்குமாடியில் பெண்களுக்கு உறியடி வைத்தார்கள். நான் பேர் கொடுக்கப் போனதும் செக்ரட்டரி கலியமூர்த்தி சார் முகம் மாறிவிட்டது. "உங்களுக்கு எதுக்கும்மா இதெல்லாம், சேர்ல உக்காந்து பாருங்க" என்றார். நாற்காலி கேட்டபோது கொடுக்காதவர்கள் இப்போது தருகிறார்கள், பார்த்தீர்களா? எழுதுங்க சார் என்று அங்கேயே நின்றேன். எழுதினார்.

கண்ணில் துணியைக் கட்டி மூன்று சுற்றுச் சுற்றி விட்டார்கள். எல்லோரையும் போலத்தான் எனக்கும் சுற்றினார்கள், அதில் எனக்கு எவ்வளவு சந்தோஷம்! கூட்டத்தில் சாவிக்கொத்து கிலுகிலு என்றது, கஜபதி தயாராக நிற்கிறார் என்று புரிந்தது. கம்பை ஊன்றாமல் பிடித்துக்கொண்டு நடந்தேன். காலடியில் கோலப்பொடி நறநற என்றது, வெயிலில் காய்ந்த தரை சுட்டது, யாரோ தின்று துப்பிய கரும்புச் சக்கை குத்தியது. எல்லாம் தெரிந்தது! ஒவ்வொன்றும் தெரிந்தது! கண்ணைக் கட்டிய பிறகும் நான் எங்கே நிற்கிறேன் என்று என் கால் எனக்குச் சொன்னது. ஓங்கி ஒரு போடு போட்டேன். மஞ்சள் தண்ணீர் தலையோடு கொட்டியது, பானை ஓடு சிதறியது, பவ்யா போட்ட கூச்சல் ஆவடி ஸ்டேஷன் வரை கேட்டிருக்கும்.

கஜபதி ஓடி வந்தார். "யக்கா, சோக்கா அட்சிட்டக்கா" என்றவர், கையிலிருந்த சாவியைப் பார்த்து வெட்கப்பட்டு ஜேபியில் போட்டுக்கொண்டார். கரும்புக் கட்டோடு வந்திருந்த உதயகுமார் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். கிளம்பும்போது "அண்ணி, அந்தக் கட்டில்ல நானே படுத்து டிவி பாத்துக்கறேன்" என்றார். மறுநாள் லிஃப்ட் ரிப்பேர். பையை மாட்டிக்கொண்டு சி பிளாக் நாலாவது மாடிக்கு அதே படியில் ஏறினேன். கட்டைவிரலில் இன்னும் கொஞ்சம் மரமரப்பு பாக்கி இருக்கிறது, போகப் போகப் பார்க்கலாம் என்றார் டாக்டரம்மா.

ஊறுகாய் பாட்டிலுக்கு அடியில் துணியில் சுற்றி ஒரு இரும்புச் சாவி இருக்கும். நீங்கள் கப்பல் ஏறின அன்று என் நைட்டிப் பையில் போட்டுவிட்டுப் போனீர்களே, அதுதான். அதில் உங்கள் பயமும் பாசமும் இருக்கிறது என்று எனக்குத் தெரியும், அதனால்தான் இத்தனை நாள் சுமந்தேன். இனி வேண்டாம். வலிப்பு இனி வரவே வராது என்று நான் எழுதமாட்டேன். வந்தால் என்னை ஒருக்களித்துப் படுக்க வைத்துப் பக்கத்திலேயே இருங்கள், அது போதும். மற்றபடி நான் தடுக்கி விழுந்தாலும் தளர்ந்து உட்கார்ந்தாலும், முதலில் "என்ன ஆச்சு எழில்" என்று என்னைக் கேளுங்கள். நான் சொல்வேன். சொல்வதை நம்புங்கள்.

பாதியில் இறங்காமல் வேலையை முடித்துக்கொண்டே நல்லபடியாக வந்து சேருங்கள். ஸ்டேஷனுக்கு நான் நடந்து வந்து நிற்பேன். இறங்கியதும் என் கையைத் தேடுங்கள், அதில் எந்தச் சாவியும் இருக்காது.

உங்கள் கை பிடித்தவள்,
எழிலரசி