பாபாஜி முன் ஏற்றிய கற்பூரம்

சிங்கு, இன்று காலை நம் ரிங்லெட் தேயிலைத் தோட்டத்து முனியாண்டி கோவிலில் பூசாரி தட்டை நீட்டினார். கற்பூர வாசனை மூக்கில் ஏறியதும் உன் ஞாபகம் வந்துவிட்டது. தலைப்பாகைக்காரனை நினைத்து முனியாண்டி முன்னால் அழுகிறவன் இந்தத் தோட்டத்திலேயே நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன்.

நீ கொழுந்து லோரி ஓட்டினாய். நான் தேயிலை ஸ்டோரில் கொழுந்து மூட்டைகளை இறக்கினேன். சிநேகம் முற்றி, ஒரு வருஷம் என்னையும் சிங்கப்பூருக்கு இழுத்துக்கொண்டு போனாய். அங்கே உங்கள் குருத்துவாராவில் பாபாஜியின் நினைவிடம் இருந்தது. பஞ்சாபில் வெள்ளைக்காரனை எதிர்த்து ஆள் திரட்டிய சாமியார் அவர். பிடித்துக் கப்பலேற்றி, சிங்கப்பூர்ச் சிறையில் ஜன்னலையும் அடைத்துப் போட்டார்களாம். இருட்டிலேயே கண் போய், அங்கேயே உயிரும் போனதாக வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தாய். போன வேகத்தில், சட்டைப் பையிலிருந்த கற்பூரத்தை நினைவிடத்துப் படியில் வைத்துக் கொளுத்திவிட்டேன். கோவில் பழக்கம், கை சும்மா இருக்குமா? அங்கே சூடம் கொளுத்தும் வழக்கமில்லையாம்; வெள்ளைத் தாடிப் பெரியவர் ஒருவர் பதறி ஓடிவந்தார். நீ குறுக்கே போய், பஞ்சாபியில் ஏதோ சொல்லி அவரை அமர்த்தினாய். பிறகு என்னிடம் திரும்பினாய்.

"விடு லா. இருட்டுல கெடந்த மனுசன். வெளிச்சம் வேணாம்னா சொல்லப் போறாரு?"

அப்புறம் சர்க்கரை நோய் உன் கண்ணைத் தின்றது. முதலில் லோரி போயிற்று, பிறகு டிவி, கடைசியில் என் முகம். வேலை விட்டதும் வந்து உன் பக்கத்தில் உட்காருவேன். ஊருக்கு நீ பெரிய வீரன். நீ பயந்தது எனக்குத்தான் தெரியும்.

"பாபாஜி எப்படித்தான் தாங்குனாரோ. எனக்கு இந்த இருட்டு பழக மாட்டேங்குதுடா."

என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாய்.

நீ சாவதற்கு முந்தின வாரம் நீயேதான் கேட்டாய்.

"கற்பூரம் வச்சிருக்கியா?"

சாசரில் வைத்துக் கொளுத்தி, உன் இரண்டு கைகளையும் பிடித்து நெருப்பின் மேலே காட்டினேன். எங்கள் ஆட்களைப் போலவே கண்ணில் ஒற்றிக்கொண்டாய்.

"தெரியுதா?" என்று முட்டாள் மாதிரி கேட்டேன்.

"தெரியல லா. ஆனா சூடு வருது. போதும்."

இன்று பூசாரி தட்டோடு நகரப் பார்த்தார்.

"இருங்க பூசாரி, இன்னொரு தடவ எடுத்துக்கிறேன்."

"இப்பத்தானப்பா எடுத்த?"

"அது எனக்கு. இது என் கூட்டாளிக்கு."

அவர் தட்டைத் திரும்ப நீட்டினார். கையை நெருப்பின் மேல் கொஞ்சம் கூடுதலாகவே வைத்திருந்து கண்ணில் ஒற்றிக்கொண்டேன். வீட்டுக்கு வந்த பிறகும் உள்ளங்கை சுடுகிறது.

சூடு வந்து சேர்ந்ததா, சிங்கு?