நதியாவின் பெயரில் ஆனந்தியின் முகம்

அன்பு மகள் கோகிலவாணிக்கு அம்மா எழுதுவது. இங்கே எனக்கும் அப்பாவுக்கும் ஒரு குறையும் இல்லை, உங்கள் மூன்று பேருக்கும் புனே தண்ணீர் ஒத்துக்கொண்டு சளி காய்ச்சல் இல்லாமல் இருந்தால் எங்களுக்கு அதுவே போதும். சாமைக்குக் களை எடுத்தாகிவிட்டது, இந்த வருஷம் மழை நம்மை ஏமாற்றவில்லை. மேட்டுப் பலாவில் விட்டு வைத்திருந்த கடைசிப் பழத்தைக் கரடி தின்றுவிட்டது என்று உன் அப்பா இரண்டு நாள் அதைப் பெயர் சொல்லாத குறையாகத் திட்டிக்கொண்டிருந்தார். மாப்பிள்ளைக்கு இன்னும் இராத்திரி ஷிப்ட்தானா, பகலில் தூங்க விடு, பிள்ளையை அவர்மேல் ஏற விடாதே.

போன ஞாயிற்றுக்கிழமை போனில் நீ என்னைப் பேசவே விடவில்லை. இன்னும் இரண்டு வருஷம்தான் சர்வீஸ் இருக்கிறது, அந்தப் பெண் ஏமாற்றிவிட்டாள் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வேலையைப் பாரும்மா என்று கத்திவிட்டு அழுதாய். அதனால்தான் கடிதம் எழுதுகிறேன், இதில் நீ குறுக்கே கத்த முடியாது பார். யார் என்ன சொன்னார்களோ தெரியாது, நடந்ததை என் வாயால் கேள்.

என் பால்வாடியில் சத்துமாவு பாக்கெட் வாங்க வருகிறவர்கள் முன்னே நோட்டில் கையெழுத்துப் போடுவார்கள், உனக்குத் தெரியும். இந்த ஆடி மாதத்திலிருந்து அப்படி இல்லை. ஆதார் நம்பர் போட்டு, அரசாங்கம் கொடுத்த போனுக்கு எதிரே நின்று கண் சிமிட்ட வேண்டும், போன் சரி என்றால்தான் பாக்கெட். நம் ஊரில் சிக்னல் எங்கே கிடைக்கிறது, தண்ணீர் டேங்க் மேட்டில்தான். கன்னியம்மாள் பெரியம்மாவின் மருமகள் நதியாவுக்கு அப்போதுதான் பிள்ளை பிறந்து பன்னிரண்டு நாள், பிள்ளை இரண்டே கால் கிலோ, தாய்க்கும் உடம்பில் தெம்பு இல்லை. முப்பது நாள் கழியாமல் வாசல் தாண்டக் கூடாது என்று பெரியம்மா ஒரே பிடியாக நின்றாள். பாக்கெட் கிடைக்காது என்று நானே போய்ச் சொன்ன பிறகுதான் விட்டாள். தூறலில் தலையைத் துண்டால் மூடிக்கொண்டு அந்தப் பெண் மேடேறி வந்தாள், கூடவே அவள் தங்கை ஆனந்தி குடை பிடித்துக்கொண்டு வந்தாள், பிரசவத்துக்கு ஒத்தாசையாக வந்து தங்கியிருக்கிற பெண், பிளஸ் டூ முடித்தவள். நதியா ஆறு தரம் கண் சிமிட்டினாள். ஆறு தரமும் இது நதியா இல்லை என்றது போன். ஆதார் போட்டோ அவள் பத்தாவது படிக்கும்போது எடுத்தது, இப்போது கன்னம் ஒட்டிக் கண் உள்ளே போய்க் கிடக்கிறாள். வலி தாங்காமல் அவள் கல்லில் உட்கார்ந்துவிட்டாள். எனக்கு வந்த கோபத்தில், அக்காளின் பழைய முகச்சாயலிலேயே இருந்த ஆனந்தியை இழுத்து நிறுத்தி, சிமிட்டுடி என்றேன். சிமிட்டினாள். உடனே பச்சை விழுந்தது, நதியா வந்துவிட்டாள் என்று பதிந்துகொண்டது. நான் இரண்டு பாக்கெட்டை எடுத்து நதியா கையில் கொடுத்தேன், அவ்வளவுதான் நடந்தது. அன்றைக்கு எனக்குச் சிரிப்புக்கூட வந்தது, பொய் சொல்லவில்லை.

ஆகஸ்ட் பதினைந்து கிராம சபையில் பெண்கள் எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்துவிட்டார்கள். பாக்கெட்டுக்குக் கேட்ட மாதிரி இனி ஒவ்வொன்றுக்கும் முகம் கேட்பார்கள், ரேஷனுக்கு விரல், நூறு நாள் வேலைக்குக் கண், எல்லாம் எங்கேயோ போய்ச் சேருகிறது, யார் பார்க்கிறார்கள் என்று நமக்குத் தெரியாது, இதைக் கட்டாயப்படுத்தக் கூடாது, நோட்டில் கையெழுத்துப் போதும் என்று தீர்மானம் போடச் சொன்னார்கள். உன் அப்பா வழக்கம்போல எதிர்ப்பக்கம். செத்தவன் பேரில் அரிசி வாங்கித் தின்ற காலத்தை மறந்துவிட்டீர்களா, ஆதார் கார்டு வந்துதான் அது நின்றது என்றார். அதில் நிஜம் இல்லாமல் இல்லை, எனக்கும் தெரியும். அப்போது வந்திருந்த அதிகாரி மைக்கை வாங்கி, இந்த முறையில் ஒருத்தர் பாக்கெட்டை இன்னொருத்தர் வாங்கவே முடியாது, போன் ஏமாறாது, வீண் பயம் வேண்டாம் என்று சிரித்துக்கொண்டே சொன்னார். நதியா கல்லில் உட்கார்ந்திருந்தது என் கண்ணுக்கு வந்தது. நான் எழுந்து, "ஏமாறுதுங்க சார். நானே ஏமாத்தினேன்" என்று சொல்லி, அன்று நடந்ததை ஒன்று விடாமல் சொல்லிவிட்டேன். கன்னியம்மாள் பெரியம்மாதான் முதலில் வாய் திறந்தாள். "எங்க வூட்டுப் பொம்பளை யாருன்னு பாஞ்சாலைக்குத் தெரியும். போனுக்கு இன்னா தெரியும்?" என்று என்னைக் காட்டிக் கேட்டாள். எல்லாரும் கை தூக்கினார்கள், தீர்மானம் நோட்டில் ஏறியது. உன் அப்பா கடைசியாகத் தூக்கினார், அதுவும் அரைக் கை. வீட்டுக்கு வந்ததும் அவரே டீ போட்டுக் கொடுத்தார்.

ஒரு வாரத்தில் மெமோ வந்தது, பொய்ப் பதிவு செய்ததற்கு வேலையை விட்டு ஏன் நீக்கக் கூடாது என்று. சூப்பர்வைசர் சிவசங்கரி அதைக் கையில் எடுத்துக்கொண்டு ஜீப்பில் ஏறி வந்தாள். நல்ல பெண், என்னைக் காப்பாற்றத்தான் வந்தாள், அவளைக் குறை சொல்லாதே. பதிலையும் அவளே எழுதிக் கொண்டுவந்திருந்தாள். ஆனந்தி தன்னை நதியா என்று சொல்லிக்கொண்டு வந்தாள், நான் நம்பிவிட்டேன் என்று இருந்தது. கையெழுத்துப் போட்டால் என் மேல் ஒன்றும் இல்லை. அந்தப் பொண்ணு மேல இன்னா வரும் என்று கேட்டேன். ஒன்றுமில்லை டீச்சர், அவள் நம்பரில் ஆள்மாறாட்டம் என்று ஒரு பதிவு ஏறும், அவ்வளவுதான் என்றாள். பிறகு எப்போது இறங்கும் என்றேன். அவள் ஜீப்பைப் பார்த்தாள். ஏறினா இறங்காது டீச்சர் என்று மெல்லச் சொன்னாள்.

கோகிலா, நீ நர்ஸிங் சேர ஒவ்வொரு ஜன்னலாக நின்றோமே, அந்தப் பெண்ணும் இப்போது திருப்பத்தூரில் நர்ஸிங்குக்கு மனுப் போட்டிருக்கிறாள். ஹாஸ்டல், ஸ்காலர்ஷிப் எல்லாம் அந்த ஒரே நம்பரில். நான் இழுத்து நிறுத்தினேன், அவள் நின்றாள். அதற்கு அவள் ஆயுசு முழுக்கத் திருடி என்று இருக்க வேண்டுமா. எனக்கு வேலை போனால் சாமை இருக்கிறது, புளி இருக்கிறது, உன் அப்பாவின் வாய் இருக்கிறது. பயம் இல்லை என்று சொல்லமாட்டேன், இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. ஆனால் சிவசங்கரி கொண்டுவந்த தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன், நானே ஒன்று எழுதினேன்.

நேற்று பதில் வந்தது. என் சர்வீஸ் புத்தகத்தில் கடும் எச்சரிக்கை என்று ஏற்றியிருக்கிறார்களாம், அடுத்த தரம் என்றால் வேலை இல்லையாம். சிக்னல் சரியாகும்வரை நம் ஊருக்கு நோட்டுப் போதும் என்றும் இருக்கிறது. அதுவரைக்கும்தான், எனக்குத் தெரியும், போன் பெட்டியில் சார்ஜ் ஏறிக்கொண்டே இருக்கிறது. இருந்தாலும் மனசு நிறைவாக இருக்கிறது. நதியாவின் பிள்ளை மூன்றரைக் கிலோ வந்துவிட்டது, நானே எடை போட்டேன்.

நீ என் மேல் கோபத்தை விட்டுவிடு. பிள்ளைக்கு அடுத்த தடுப்பூசித் தேதியை மறக்காதே, வெளியே போனால் காதை மூடு. நான் எழுதிய பதிலின் நகலை இதோடு வைத்திருக்கிறேன், நிதானமாகப் படி. கால் பக்கம்தான். தப்பு எழுத்து இரண்டு இருக்கும், சிரிக்காதே. அதில் என் பெயர் மட்டும்தான் இருக்கிறது, எங்கே தேடினாலும் ஆனந்தி பெயர் கிடையாது.

நீங்கள் மூவரும் நோய் நொடி இல்லாமல் நிறைஞ்ச வாழ்வு வாழ மலைத்தெய்வம் துணை நிற்கட்டும்.

உன்னைப் பெற்றவள்,
சி. பாஞ்சாலை