ஆஸ்திரியாவுக்குச் சாயா கிடையாது

மட்டாஞ்சேரி,
22 ஆகஸ்ட் 1982.

என் செல்ல மகள் சந்தனமாரிக்கு,

அப்பா எழுதுகிறேன். அம்மாவின் முழங்கால் வலி மழையோடு வந்தது, மழையோடு போகத் தயாராக இருக்கிறது. என் தொப்பை எந்தப் பருவத்திலும் போவதாக இல்லை. இவை தவிர மற்றதெல்லாம் சுகம். வியன்னாவில் நீ சுகமா? நைட் டியூட்டி குறைந்ததா?

ஜூலையில் நீ போட்ட கடிதம் வந்தது. டிசம்பரில் நாங்கள் இரண்டு பேரும் வரலாமா அப்பா என்று கேட்டிருந்தாய். உடனே பதில் போட்டிருக்க வேண்டும். ஆனால் அந்த 'இரண்டு பேரும்' என்ற சொல்லை எங்கே வைப்பதென்று இந்த வீட்டில் எங்கள் இரண்டு பேருக்கும் தெரியவில்லை. நீ அங்கே எர்வினைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டு இரண்டு வருஷமாகிறது. இந்த இரண்டு வருஷத்தில் அம்மா அந்தப் பெயரைச் சொன்னதில்லை. யாராவது உன்னைப் பற்றிக் கேட்டால், பிள்ளைக்கு லீவு கிடைக்கவில்லை என்பாள். நானும் அதையே பஜாரில் சொல்லிக்கொண்டிருந்தேன். பஜாருக்கு விஷயம் தெரியும். தெரிந்தது எனக்குத் தெரியாது என்று நான் நடித்தேன். நான் நடிப்பது தெரியாததுபோல் அவர்கள் நடித்தார்கள். இவ்வளவு நல்ல நாடகக் கம்பெனி கேரளத்தில் வேறு கிடையாது.

உன் கேள்விக்குப் பதில் சொல்கிறேன். ஆனால் அதற்கு முன்னால் கொஞ்சம் ஃபுட்பால் சொல்ல வேண்டியிருக்கிறது. பல்லைக் கடித்துக்கொண்டு படி. பதில் அதற்குள்தான் இருக்கிறது.

உலகக் கோப்பை தொடங்கியதிலிருந்து நம் அப்பு சேட்டன் சாயாக்கடைதான் எங்களுக்கு ஸ்பெயின். மிளகுத் தரகர்கள், மூட்டை தூக்குகிற சுமட்டுத் தொழிலாளிகள், குஜராத்தி கிடங்குக் கணக்கப்பிள்ளைகள் என்று எல்லாரும் அங்கேதான். ரேடியோ பாதி நேரம் இருமும், பாதி நேரம் பேசும். மீதியை மறுநாள் பேப்பரில் படித்துக்கொள்வோம். முதல் ஆட்டத்திலேயே அல்ஜீரியா மேற்கு ஜெர்மனியை இரண்டுக்கு ஒன்று என்று வீழ்த்தியதும், அதுவரை அந்த நாடு எந்தத் திசையில் இருக்கிறது என்றே தெரியாத நாங்களெல்லாம் அல்ஜீரியாக்காரர்கள் ஆகிவிட்டோம். நானும்தான். ஆலுவாவில் பக்கத்துக்கு ஏழு பேர் ஆடுகிற ஒரு செவன்ஸ் ஆட்டத்தில் கோல் காக்கும் கோலியாக நின்று, பந்து போன பிறகு பாய்ந்த வரலாறு எனக்கு உண்டல்லவா? ஏழைக் கோலிகளின் மேல் எனக்கு எப்போதுமே ஒரு பாசம்.

அப்புறம் நடந்ததை உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அல்ஜீரியா தன் ஆட்டங்களையெல்லாம் முடித்துவிட்டு உட்கார்ந்திருந்தது. மறுநாள் ஜெர்மனியும் ஆஸ்திரியாவும் இறங்கின. ஜெர்மனி ஒரு கோல் மட்டும் போட்டு ஜெயித்தால் இரண்டு பேருமே உள்ளே, அல்ஜீரியா வெளியே. ஆரம்பத்திலேயே அந்த ஒரு கோல் விழுந்தது. அதற்குப் பிறகு இரண்டு பக்கமும் பந்தை ஆளுக்கு ஆள் மரியாதையாகக் கொடுத்து வாங்கிக்கொண்டார்களாம், சம்பந்தி வீட்டில் வெற்றிலைத் தட்டு நீட்டுவதைப்போல. ஜனங்கள் வெள்ளைக் கைக்குட்டை ஆட்டினார்களாம், அல்ஜீரியாக்காரர்கள் பண நோட்டை ஆட்டிக் காட்டினார்களாம். அல்ஜீரியா புகார் கொடுத்தது. ஃபிஃபாவில் உட்கார்ந்திருக்கிற பெரிய மனிதர்கள் கூடிப் பேசி, சட்டம் எதுவும் மீறப்படவில்லை, முடிவு முடிவுதான் என்று சொல்லிவிட்டார்கள்.

அன்றைக்குக் கடையில் யாருமே சாயாவைத் தொடவில்லை. சட்டம் மீறவில்லை என்றால் என்ன அர்த்தம்? எங்கள் மிளகுத் தொழிலில் இதைப் பார்க்காதவன் கிடையாது. தராசு சரி, மூட்டை சரி, தையல் சரி, எடையும் சரி. பிரித்தால் உள்ளே மிளகோடு பப்பாளி விதை. ஃபிஃபாக்காரர்கள் தராசைப் பார்த்து நல்ல தராசு என்று சான்றிதழ் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்கள். காசு கைமாறியதா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. ஆனால் பார்க்க வேண்டியவன் பார்க்காமல் இருப்பதற்கு எங்கள் பஜாரில் ஒரு பெயர் உண்டு. மகளுக்கு எழுதுகிற கடிதத்தில் அதை எழுத முடியாது.

ராசப்பனை உனக்கு நினைவிருக்கும். சுமட்டு யூனியன், மீசை, பிரேசில் பைத்தியம். அவன்தான் மேஜையைத் தட்டினான். நாலு வருஷம் முந்தியும் இதே கதைதானே, பிரேசில் ஆடி முடிச்சப்புறம் எத்தனை கோல் வேணும்னு எண்ணிப் பார்த்துட்டுத்தானே அர்ஜென்டினா இறங்குச்சு, அப்பவும் இந்த ஆபீசர்மாருக்குக் கண்ணு தெரியலியோ என்று கத்தினான். அதற்கு அப்பு சேட்டன், கேரளம் முழுக்க ஒரே மணிக்கு எஸ்.எஸ்.எல்.சி. பரீட்சை நடத்துற நம்ம குமாஸ்தன்மாரை அங்கே அனுப்பணும், காப்பி அடிக்கிறது அன்னிக்கே நிக்கும் என்றார். உலக ஃபுட்பாலுக்கு இதைவிட நல்ல யோசனையை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

அதையே மனுவாக எழுதிவிடுவது என்று முடிவானது. எழுதியது நம் பாலக்காட்டு வெங்கிட்டு. கப்பல் ஏஜென்சியில் இங்கிலீஷ் கடிதம் எழுதிப் பழகியவர் என்பதால் மனுவின் பாதி இடம் 'தங்கள் மேலான சமூகத்துக்கு' என்பதிலேயே போய்விட்டது. கடைசி ஆட்டங்களை ஒரே நேரத்தில் நடத்து என்ற ஒரு வரி எப்படியோ உள்ளே நுழைந்துவிட்டது. கீழே தமிழ், மலையாளம், கொங்கணி, குஜராத்தி என்று எல்லா எழுத்திலும் கையெழுத்து. சூரிச்சுக்குப் போயிற்று. இன்றுவரை பதில் இல்லை. அங்கே கொங்கணி படிக்க ஆள் தேடுகிறார்களோ என்னவோ.

மனுவோடு விட்டிருந்தால் எனக்கு வம்பில்லை. விடவில்லை, பதில் வராத கோபத்தில் இந்த மாதம் மறுபடி கூடினார்கள். பஜாரில் வாக்குத் தவறிய தரகனை என்ன செய்வோம் என்று நீ சின்னப் பிள்ளையில் பார்த்திருக்கிறாய். அவன் கிளாஸைக் கவிழ்த்து வைத்துவிடுவோம். யாரை ஏமாற்றினானோ அந்த ஆளிடமே தின்பதற்கு ஏதாவது வாங்கிக்கொண்டு போய், தப்புதான் என்று சொல்லிவிட்டு வரும்வரைக்கும் அவனுக்குக் கடையில் சாயா கிடையாது. ஜெர்மனிக்கும் ஆஸ்திரியாவுக்கும் அதையே செய்ய வேண்டும் என்று வெங்கிட்டு தீர்மானம் கொண்டுவந்தார். கைதட்டல் முடிந்த பிறகுதான் ஒருவருக்கு ஞாபகம் வந்தது, ஜெர்மனிக்காரன் நம்மிடம் மிளகு வாங்குகிறானே என்று. உடனே திருத்தம் வந்தது. ஜெர்மனி நீக்கப்பட்டது. ஆஸ்திரியா மட்டும் போதும். ஆஸ்திரியாவோடு மட்டாஞ்சேரியில் யாருக்கும் ஒரு பலசரக்கு வியாபாரமும் இல்லை. அந்த நாட்டுக்கு இங்கே இருக்கிற ஒரே சொத்து யார் என்று எல்லாரும் யோசித்தார்கள். யோசித்துவிட்டு மெதுவாக என்னைப் பார்த்தார்கள்.

மறுநாள் காலையில் போனால் என் கிளாஸ் கவிழ்ந்திருக்கிறது. அப்பு சேட்டன் முகத்தைத் திருப்பிக்கொண்டு பாலைக் கொதிக்க வைக்கிறார். விளையாட்டுத்தான், தெரியும். எல்லார் உதட்டிலும் சிரிப்பு ஒளிந்திருந்தது. ராசப்பன்தான் வாயைத் திறந்தான். அண்ணாச்சி, ஆஸ்திரியாக்காரன்மாருக்கு இங்கே சாயா கிடையாது கேட்டோ, மருமோன் வீட்டுக்குப் போய்க் குடிச்சோளின் என்றான்.

இரண்டு வருஷமாக யாரும் என் முகத்துக்கு நேரே சொல்லாத சொல் அது. சொன்ன பிறகு ராசப்பனுக்கே தெரிந்துவிட்டது. மீசை கொஞ்சம் தொங்கிற்று. நான் சிரித்துவிட்டு நகர்ந்திருக்கலாம். எந்த மருமோன், யாருக்கு மருமோன் என்று வழக்கமான வசனத்தைச் சொல்லியிருக்கலாம். அதுதான் எனக்கு மனப்பாடம்.

ஆனால் நீ எழுதியிருந்தாயே, அது எனக்குள் எங்கோ போய் உட்கார்ந்திருந்திருக்கிறது. எர்வின் அந்த ஆட்டத்தை டி.வி.யில் பாதியிலேயே அணைத்துவிட்டு எழுந்து போனது. மறுநாள் டிராம் ஓட்டப் போன இடத்தில், ஜெயித்தவரைக்கும் சரிதானே என்று சொன்ன கூட்டாளிகளோடு பேசாமல் இருந்தது. பிறகு உன் ஆஸ்பத்திரியில் ஸ்ட்ரெச்சர் தள்ளுகிற அல்ஜீரியாக்காரரைத் தேடி ஒரு கேக் வாங்கிக்கொண்டு போய், எங்கள் ஆட்கள் செய்தது தப்பு என்று சொல்லிவிட்டு வந்தது. படித்தபோது பாவம், நல்ல பிள்ளை என்று மட்டும்தான் நினைத்தேன். கடையில் நின்றபோதுதான் எனக்கே உறைத்தது.

நான் சொன்னேன், ஏ ராசப்பா, எங்க மாப்பிள்ளையைச் சொல்லாதே. நீ மீசையை முறுக்கிக்கிட்டு மனுவிலே கையெழுத்துப் போட்டே. அவரு கேக் வாங்கிக்கிட்டு அந்த அல்ஜீரியாக்காரன் முன்னால போய் நின்னு தப்புன்னு சொல்லிட்டு வந்திருக்காரு. நம்ம பஜார் முறை அவருக்கு யாரு சொல்லிக் கொடுத்தா? உங்க ஃபிஃபாக்காரன் செய்யாததை எங்க மாப்பிள்ளை செஞ்சாரு, போ. இப்படி ஒரு மூச்சில் சொல்லிவிட்டேன். குரல் கொஞ்சம் கீச்சென்று போனது. அது வேறு விஷயம்.

அப்பு சேட்டன் பாலை இறக்கிவைத்தார். என் கிளாஸை நிமிர்த்தினார், வெந்நீர் விட்டுக் கழுவினார், ஆடையோடு சாயா ஊற்றினார். அப்புறம், அவன் முறை அறிஞ்ஞ ஆளாணல்லோ, நம்முடெ ஆளு தன்னே என்றார். முறை தெரிந்தவன் நம் ஆளேதான் என்று அவரே சொன்ன பிறகு, வெங்கிட்டு தீர்மானத்தை ரத்து செய்து ஒரு புதுத் தீர்மானம் கொண்டுவந்தார். இவ்வளவு நாள் மறைத்த கல்யாணத்துக்கு அண்ணாச்சி எல்லாருக்கும் சாயா வாங்கித் தர வேண்டும் என்று. ராசப்பன் என் தோளில் கையைப் போட்டுக்கொண்டு, பேசாமல் பருப்பு வடையும் சேர்த்துச் சொன்னான். மாப்பிள்ளை பெயரைச் சொல்லச் சொல்லிக் கேட்டு, ஆளாளுக்கு ஒரு விதமாகச் சொல்லிப் பார்த்தார்கள். ஒருவனுக்கும் சரியாக வரவில்லை. எனக்கும்தான்.

சந்தோஷமாக வீட்டுக்கு வந்தேன் என்று நினைக்காதே. சுள்ளிக்கல் முக்கில் திரும்புமுன்பே அந்தச் சந்தோஷம் இறங்கிவிட்டது. கடைப் பக்கம் வந்திருந்த பக்கத்து வீட்டுப் பேச்சியம்மாள் என்னை முந்திக்கொண்டு வந்து, அம்மாவிடம் எல்லாவற்றையும், வடை உட்பட, ஒப்பித்துவிட்டு மீன் வாங்கப் போயிருந்தாள். அம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்க்கவில்லை. மாப்பிள்ளைன்னு சொன்னீகளாமே, யாரைக் கேட்டுச் சொன்னீக என்றாள். நான் வாசற்படியிலேயே நின்றுகொண்டு, வாய் தவறி வந்திட்டு அங்கம்மா என்றேன். பொய். வாய் தவறவில்லை. இரண்டு வருஷத்தில் அன்றைக்குத்தான் சரியாக வந்தது.

அவள் முறத்தைக் கீழே வைத்தாள். நான் செருப்பைக் கழற்றலாமா, அப்படியே திரும்பிப் போகலாமா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில் கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஒத்தைப் பிள்ளை கல்யாணத்துக்கு வெறும் சாயாவும் வடையுமா போட்டீக, ஊர் என்ன சொல்லும், கூறு இருக்கா உங்களுக்கு என்று என்னைப் பிடித்துக்கொண்டாள். மாரி, கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவளிடம் எவ்வளவோ திட்டு வாங்கியிருக்கிறேன். அன்றைக்கு வாங்கியதைப்போல் இனித்தது ஒன்றுமில்லை.

மறுநாள் விடியும்போதே பாசிப்பயறு வறுக்கிற வாசனை. பேச்சியம்மாளையும் துணைக்கு வைத்துக்கொண்டு ஒரு பானை முந்திரிக்கொத்து போட்டுவிட்டாள். உன் கல்யாணத்துக்கென்று மனசுக்குள் வைத்திருந்த அளவு அது. என் தலையில் ஏற்றி அப்பு சேட்டன் கடைக்கு அனுப்பினாள். ராசப்பன் தின்ற தீனியைப் பார்த்து, அல்ஜீரியா கூட இவ்வளவு நஷ்டப்படவில்லை என்று வெங்கிட்டு சொன்னார்.

ஆகையால் உன் கேள்விக்குப் பதில்: இரண்டு பேரும் வாருங்கள். மழை விட்டிருக்கும். கட்டில் நம் ஆசாரியிடம் நீளமாகச் சொல்லியிருக்கிறது. மாப்பிள்ளை எவ்வளவு உயரம் என்று அம்மா கேட்டாள். எனக்குத் தெரியாது, டிராம் கூரை இடிக்காத உயரம் என்று சொல்லிவைத்தேன். காரம் தாங்குவாரா, தரையில் உட்காருவாரா, பால் குடிப்பாரா என்று தினமும் ஒரு கேள்வி வருகிறது. கேள்விகளை நான்தான் கேட்கிறேன் என்று உனக்கு எழுதச் சொல்லியிருக்கிறாள். அதனால் நான்தான் கேட்கிறேன்.

இன்னொன்றும் கேட்கச் சொன்னாள். இது மட்டும் அவள் கேட்பதாகவே எழுதலாமாம். வெள்ளிக்கிழமை கோயிலில் புஷ்பாஞ்சலிக்குச் சீட்டுக் கொடுக்கிறவர் பெயரும் நாளும் கேட்கிறார். உன் பெயரைச் சொல்லி, உத்திரட்டாதி நட்சத்திரம் என்று சொன்னதும், வேறு யாருக்காவது உண்டோ என்கிறார். இவள் கொஞ்ச நேரம் அப்படியே நின்றுவிட்டு வருகிறாளாம். மாப்பிள்ளை பிறந்த தேதியும் நேரமும் வேண்டும். வியன்னா நேரத்தை நம் நேரமாக்கி நட்சத்திரம் பார்ப்பது ஜோசியர் பாடு. அவருக்கே நேரம் தெரியாவிட்டால் அவருடைய அம்மாவிடம் கேட்டு எழுது. பெற்றவளுக்கு அது மறந்திருக்காது.

டிசம்பர்வரை காத்திருக்காதே கண்ணு. இந்தக் கடிதம் கிடைத்ததும் எழுது. அடுத்த வெள்ளிக்கிழமைகளில் ஒன்றிலாவது மாப்பிள்ளை பெயரையும் நாளையும் அவள் நிற்காமல் சொல்லட்டும்.

உங்கள் இருவருக்கும் எங்கள் இருவரின் ஆசிகளுடன்,
உன் அப்பா
செல்லப்பா