இருபது இருபதாக எண்ணுகிறவர்கள்

பழைய அறைத்தோழனுக்கு,

திரிபுராவின் கொக்பரோக் மொழியையும் மெக்சிகோவின் நாவாட்டில் மொழியையும் ஒப்பிட்டு நீ எழுதிய நூலைப் பதிப்பாளர் மதிப்பீட்டுக்கு என்னிடம் அனுப்பியிருக்கிறார். மதிப்பிடுகிறவன் யாரென்று உனக்குத் தெரியக் கூடாது என்பது விதி. மீறுகிறேன்.

“அவரோட புத்தகமா? கிழிச்சுத் தொங்கவிடப் போறீங்களா?” என்று கேட்டாள் மனைவி.

“படிச்சுட்டுச் சொல்றேன்” என்றேன். ஆசையோடுதான் சிவப்புப் பேனாவை எடுத்தேன்.

வினைச்சொல் பற்றிய இயல் அருமை. நாவாட்டில் செய்தவனையும் செய்யப்பட்டதையும் வினையின் தலையிலேயே ஒட்டிவிடுகிறது. கொக்பரோக்கோ அவர்களைத் தனிச்சொற்களாக விட்டுவிட்டுக் காலத்தை வாலில் கட்டுகிறது. இவ்வளவு தெளிவாக என்னால் எழுதியிருக்க முடியாது.

ஆனால் ஆறாம் இயலை எடுத்துவிடு. இரண்டிலும் பழைய கணக்கு இருபது இருபதாக எண்ணுகிறது என்பதற்காக இரண்டும் ஒரு தாய் மக்கள் என்கிறாய். கைவிரலும் கால்விரலும் எல்லோருக்கும்தான் இருக்கின்றன. விடுதியில் இதைச் சொன்னதற்குத்தான், “போடா, உனக்கு வயித்தெரிச்சல்” என்று அறையை மாற்றிக்கொண்டு போனாய். இது அச்சில் வந்தால் ஊர் சிரிக்கும்; நல்ல இயல்களை எவனும் புரட்டமாட்டான். என் அறிக்கையில் எழுதினாலோ நூலையே திருப்பி அனுப்பிவிடுவார்கள். நீயாகவே எடுத்ததாக இருக்கட்டும்.

நன்றியுரையில் நூலகக் காவலாளி வரைக்கும் நன்றி சொல்லியிருக்கிறாய். உனக்கு நாவாட்டிலில் முதல் பாடம் சொல்லிக்கொடுத்தவன் பெயரைக் காணோம். இப்போது அவசரப்பட்டுச் சேர்த்துவிடாதே. யார் சொல்லி அந்த இயலை எடுத்தாய் என்று பதிப்பாளருக்குப் புரிந்துவிடும்.

கோபம் தீராத,
பக்கத்துக் கட்டில்காரன்